பினாங்கு – சென்னை: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

தமிழ்நாட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தால், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் குடும்பங்கள் முன்பு கேஎல்ஐஏவுக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. சுங்கைப்பட்டாணியிலிருந்து சாலைவழி 400 கிலோமீட்டருக்கு மேல்; பேருந்தில் ஓர் இரவே போய்விடும். அலோர்ஸ்டாரிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கேஎல்ஐஏ, ஆனால் அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,370 கிலோமீட்டர். பயண நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. ரஜுலா கப்பலில் வந்த தலைமுறை நாள்கணக்கில் கடந்த கடல் இது.

பயணச்சீட்டில் உள்ள நேரம்தான் பலரைக் குழப்புகிறது. பினாங்கில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால், சென்னையில் இறங்கும் நேரம் 11 மணி என்றிருக்கும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அதனால் போகும்போது ஒரு மணிப் பயணம் போலவும், திரும்பும்போது ஆறு மணிப் பயணம் போலவும் தெரியும்.

திரும்பும் விமானம் பின்னிரவில் என்றால் தேதியைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை அதிகாலை 2 மணி விமானத்துக்கு வெள்ளிக்கிழமை இரவே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு இந்திய விசாவோ ஓசிஐ அட்டையோ கட்டாயம். அவசரப் பயணத்தில் தூரத்தைவிட இதுவே அதிகம் தாமதப்படுத்தும்.