அறைகளில் கிடக்கும் வரலாறு: கல்முனைக் கரையும் அரபு நாடுகளும்

கல்முனைக் கரையின் அண்மைக்கால வரலாற்றை எழுத முனைந்தோர் பெரும்பாலும் இரண்டு வாயில்களினூடாகவே அதனுள் நுழைந்திருக்கின்றனர். ஒன்று வயலும் குளமும் குடியேற்றத் திட்டங்களும். மற்றையது போரும் அரசியலும். மூன்றாவது வாயில் ஒன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருக்கிறது. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, அவ்வாயிலால் போய்வந்த உறவினர் ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது. இருந்தும் அவர்களது அன்றாட வாழ்வு நமது வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது அரபு நாடுகளில் வீதிகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழத் தொடங்கின. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்குத் திரும்பியது. வெளிநாடு செல்வதற்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதே கொள்கையால் உள்ளே வந்த இறக்குமதித் துணிகள் மருதமுனையின் கைத்தறிகளை நெருக்கின. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் மக்களுக்குப் புதிய வளவுக்கு இடமும் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உருவானது. அதற்கு முன்னர் போனவர்கள் முகவரையும், முன்னே போன உறவினர் அனுப்பிய விசாவையும் நம்பியே போயினர்.

இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. அது வீடு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். தாய்வழிக் குடி முறையையும் இந்தச் சீதன வீட்டையும் அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்தவர் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். வாப்பாவும் காக்காமாரும் சேர்ந்து தங்கைக்குக் கட்டவேண்டிய வீட்டின் கல்லும் சீமெந்தும் ரியாதிலும் தோஹாவிலும் குவைத்திலும் உழைத்த பணத்தில் வந்தன. தங்கைக்குக் கட்டி முடித்துத் தான் மணமுடித்த பின்னர், தன் மகளுக்காக மீண்டும் விமானம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். தாம் கட்டிய வீட்டில் அவர்கள் தங்கியவை விடுமுறை நாட்கள் மட்டுமே.

போய் இறங்கியதும் முதல் அதிர்ச்சி மொழியில் காத்திருந்தது. சிறு வயது முதல் குர்ஆன் ஓதிப் பழகிய நாவுதான். ஆயினும் கடைக்காரரின் பேச்சு அரபு விளங்கவில்லை. ஓதலுக்குரிய அரபு வேறு, சந்தையில் விலை கேட்கும் அரபு வேறு. அவ்வேளையில் கைகொடுத்தவர்கள் மலையாளிகள். தேநீர்க் கடையிலும் பலசரக்குக் கடையிலும் அவர்களே இருந்தனர். தமிழும் மலையாளமும் அரைகுறை ஹிந்தியும் கலந்த ஒரு பேச்சில் நம்மவர் வேலை கற்றனர். விடுமுறையில் வந்தோரைச் செய்தியாளனாகச் சந்தித்த காலங்களில், அவர்கள் அறியாமலே வாயில் வரும் மலையாளச் சொற்களைக் கவனித்து நான் வியந்ததுண்டு.

ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். அடுக்குக் கட்டில்கள். சமையலுக்கு முறை வைத்திருப்பார்கள். மாதந்தோறும் சீட்டுப் பிடிப்பார்கள்; எவருக்கு வீட்டில் அவசரமோ அவருக்கு முதற் சீட்டு. வெள்ளிக்கிழமைதான் ஊர் கூடும் நாள். ரியாதின் பத்ஹாவில் ஜும்ஆவுக்குப் பின்னர் நின்றால் எந்த ஊரில் மழை, எவருக்குத் திருமணம், எவர் மௌத்தானார் என்ற செய்தி யாவும் கிடைத்துவிடும் என்பார்கள்.

நான் சொல்ல விரும்பும் செய்தி இந்த அறைகளிலேயே இருக்கிறது. கல்முனைக்குடி முஸ்லிமும் பாண்டிருப்புத் தமிழரும், சாய்ந்தமருதுக்காரரும் காரைதீவுக்காரரும் அங்கே ஒரே அறையில் வாழ்ந்தனர். ஊரில் அடுத்தடுத்த கிராமங்கள். நடுவே ஒரு வீதி மட்டும். 1985 ஏப்ரலில் காரைதீவு வன்செயலோடு அந்த வீதி எல்லையாயிற்று. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். இச்செய்திகள் அந்த அறைகளையும் எட்டின.

"அன்றிரவு ஒருவரும் பேசவில்லை. ஆனால் சமையல் முறை மாறவில்லை. அவருடைய முறை, அவர்தான் ஆக்கினார், நாங்கள் உண்டோம்" என்று பின்னாளில் ஒரு முதியவர் என்னிடம் கூறினார். சில அறைகள் பிரிந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. பிரியாதவையும் இருந்தன. நோன்புக் கஞ்சி காய்ச்ச உதவிய தமிழரையும், கோயிலில்லாத தேசத்தில் அறைக்குள் பொங்கிய பொங்கலை உண்ட முஸ்லிமையும் பற்றி நான் கேட்டிருக்கிறேன். ஊர் திரும்பியதும் அவ்விருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக அஞ்சிய ஆண்டுகளும் இருந்தன.

காத்தான்குடிக்கு முதல் நாள்தான், 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஈராக் குவைத்தினுள் புகுந்தது. அப்போது அங்கிருந்த இலங்கையர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர். சம்பள நிலுவையையும் உடைமைகளையும் விட்டு, ஈராக்கினூடாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனக் கூடாரங்களில் காத்திருந்து, அம்மானிலிருந்து விமானமேறினர் பலர். கிழக்கு மாகாணத்தவருக்கோ வந்திறங்கிய இடத்திலும் போர். ஒரு போரிலிருந்து இன்னொரு போருக்குத் தப்பியோடிய மனிதர்களை நம் பத்திரிகைகள் அன்று தனித்துக் கவனிக்கவில்லை.

ஆண்களின் கதை வெள்ளிக்கிழமைகளில் பகிரப்பட்டது. பெண்களுக்கு அந்த வெள்ளிக்கிழமையும் இருக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்குச் சென்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். மிகப் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். ஒரு வீட்டின் சமையலறையே அவர்களது தேசம். கடவுச்சீட்டு கபீலின் கையில். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போடும் இந்தோனேசியப் பெண்ணோடு கையசைத்துக்கொண்டதே ஒருத்திக்கு ஈராண்டு நட்பு. கிழக்கின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி சென்றார். அவரது பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சவூதி அரேபியா 2021இல் கபாலா முறையைத் தளர்த்தியபோதும் வீட்டுப் பணியாளர் அதற்குள் அடங்கவில்லை.

பணம் வங்கியாலும் வந்தது, உண்டியலாலும் வந்தது. அங்கே ஒருவரிடம் ரியாலைக் கொடுத்தால் இங்கே இன்னொருவர் வீட்டு வாசலில் ரூபாவைத் தருவார். இடையில் நம்பிக்கை தவிர வேறு ரசீது இல்லை. 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த இலங்கைக்கான பணவனுப்பல், 2022இல் சுமார் 380 கோடி டொலராகச் சரிந்தது. உழைப்போர் உழைத்துக்கொண்டுதான் இருந்தனர். அதிக ரூபா தந்த உண்டியலுக்குப் பணம் திரும்பியதே அச்சரிவின் பெரும் பகுதிக்குக் காரணம். பணத்தோடு கடிதங்களும் வந்தன. எழுதத் தெரியாத உம்மாமாருக்காக ஒலிநாடாவில் குரலைப் பதிவுசெய்து அனுப்பினர். தமிழெழுத்து அறியாது அரபுத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகளுக்கு அந்த எழுத்திலேயே எழுதியவர்களும் உண்டு.

2004 டிசம்பர் 26 காலை கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடிய இழப்பு இம்மாவட்டத்துக்கே. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இருபதாண்டு உழைப்பில் எழுந்த வீடுகள் சில நிமிடங்களில் போயின. அவற்றுள் இருந்த பெட்டிகளும், அவற்றினுள் அடுக்கியிருந்த கடிதங்களும் ஒலிநாடாக்களும் போயின. தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் அறைகளில் காத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் வீடும், அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களும் இல்லாமற்போயினர்.

மேற்கு நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோர் காலப்போக்கில் அந்நாடுகளின் குடிமக்களாயினர். அவர்களுக்குச் சங்கங்களும் சஞ்சிகைகளும் புலம்பெயர் இலக்கியமும் உண்டு. அரபு நாட்டில் முப்பதாண்டு உழைத்தவருக்கோ குடியுரிமையும் கிடைப்பதில்லை. வேலை முடிந்தால் திரும்பவேண்டியதுதான். அவர் வாழ்ந்த அறையில் அடுத்த மாதமே வேறொருவர். இதனாற்றான் அவ்வாழ்வு சுவடின்றி அழிகிறது.

முதல் தலைமுறையினர் இப்போது எழுபதைக் கடந்துவிட்டனர். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் படித்த இளைஞர் இருக்கின்றனர். யாருடன் அறையைப் பகிர்ந்தீர்கள், யார் முதற் சீட்டை விட்டுக்கொடுத்தார், அந்த ஓகஸ்டில் என்ன பேசினீர்கள் என்று தத்தம் வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டு எழுதி வைத்தாலே போதும். இந்தக் கரையின் இரு சமூகங்களும் இனி எப்படி அருகருகே வாழ்வது என்று பேசுவோருக்கு, அப்படி வாழ்ந்து காட்டியவர்களின் சாட்சியம் வேண்டும். அது இன்னும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கும்.