பைசா மரபணுப் பிறழ்வு

கொலம்பியாவின் ஆன்டியோக்கியா பகுதியில், சில குடும்பங்களில் வழிவழியாக வரும் இளவயது அல்சைமர் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம். அப்பகுதி மக்களைப் 'பைசா' என்பார்கள்; நம் காசுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நோய்க்கு அங்கே 'லா போபேரா' என்று பெயர். அசட்டுத்தனம் என்று பொருள். நாற்பதைக் கடந்த ஒருவர் கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பார். கொஞ்ச காலத்தில் பழகிய வழியும் மறந்துபோகும். சாபம் என்றார்கள், ஏதோ மரத்தைத் தொட்ட தோஷம் என்றார்கள். 1980களில் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபேராவும் அவர் குழுவினரும் மலையூர்களில் வீடு வீடாக விசாரித்து, தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி வரைந்தார்கள். தனித்தனியாகத் தெரிந்த குடும்பங்கள் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தன.

பிறழ்வு இருப்பது 14ஆம் குரோமோசோமில், 1995இல் கண்டறியப்பட்ட பிரிசெனிலின்-1 மரபணுவில். அம்மரபணு உருவாக்கும் புரதத்தின் 280ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் அலனின் வந்துவிடுகிறது, மாற்றம் அவ்வளவுதான். இப்புரதத்தை உறுப்பாகக் கொண்ட காமா செக்ரிடேஸ் என்னும் நொதி, அமிலாய்டு முன்னோடிப் புரதத்தை வெட்டும் இடம் இதனால் பிசகி, எளிதில் திரளும் நீண்ட அமிலாய்டு துண்டுகளின் பங்கு கூடுகிறது. இது ஓங்கு பண்பு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. லேசான அறிவாற்றல் குறைபாடு சராசரியாக 44 வயதிலும், மறதிநோய் 49 வயதிலும் தொடங்குகின்றன.

நோய் தலைகாட்டுமுன் தடுக்க முடியுமா என்று கிரெனிசுமாப் மருந்தை இங்கே சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் 252 பேர். பிறழ்வு இல்லாதவர்களையும் சேர்த்து, அவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்தார்கள். தன் தலையெழுத்தை அறிய விரும்பாதவருக்கு அது தெரியாமலே இருக்கட்டும் என்றுதான். 2022இல் வெளியான முடிவில் சொல்லத்தக்க பலன் இல்லை.

மருந்தைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண்மணி. பிறழ்வு இருந்தும் எழுபது வயதுவரை அவருக்கு நினைவு தடுமாறவில்லை. மூளையில் அமிலாய்டு மண்டிக் கிடந்தது. அல்சைமரின் மற்றோர் அடையாளமான டாவ் புரதச் சிக்கல்களோ குறைவு. அபோஇ மரபணுவில் 'கிரைஸ்ட்சர்ச்' என்ற அரிய மாற்றத்தை அவர் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருந்தார். இது 2019இல் வெளியானது. ஒரே பிரதி மட்டும் பெற்ற 27 உறவினர்களுக்கு நோய் சுமார் ஐந்தாண்டு தள்ளிப்போனதாக 2024இல் தெரியவந்தது.