இங்கினியாகலையிலிருந்து வவுணதீவுக்கு: மின்வலையில் அலைவுத் தணிப்பின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் வவுணதீவில் 10 மெகாவாற் சூரிய மின்நிலையம் ஒன்று இயங்குகிறது. தெற்கே, பட்டிப்பளை ஆற்றை மறித்த சேனாநாயக்க சமுத்திரத்தின் அணையடியில் இங்கினியாகலை நீர்மின் நிலையம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 11 மெகாவாற். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து நிலமே. அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் மின்வலை குலுங்கும்போது பின்னது தாங்கும் விதம் முன்னதற்குக் கிடையாது.

நீர்மின் பிறப்பாக்கியின் சுழலி கனமானது. எங்கோ ஒரு நிலையம் விழுந்தால், மீடிறன் 50 ஹேர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கும். அப்போது சுழலியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் தானாகவே வலைக்குள் பாய்ந்து சரிவின் வேகத்தைக் குறைக்கும். இந்தச் சடத்துவம் இலவசமாகக் கிடைத்ததால் நெடுங்காலம் யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

சடத்துவம் மட்டும் போதாது. நீண்ட கம்பிகளால் பிணைந்த சுழலிகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக ஊசலாடும். அழுத்தத்தை நிலைநிறுத்த வந்த வேகமான அருட்டல் கருவிகள் சில வேளைகளில் இந்த ஊசலைத் தணிக்காமல் வளர்த்துவிட்டன. ஊஞ்சலைப் பிழையான கணத்தில் தள்ளுவது போலத்தான் இது. 1969 இல் டி மெலோவும் சார்ள்ஸ் கொன்கோடியாவும் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைத் தெளிவாக்கியது. சுழலியின் வேக மாற்றத்தை அளந்து, உரிய கணத்தில் அருட்டலைத் திருத்தும் நிலைப்படுத்திகள் அதன் பின் உலகெங்கும் பரவின. ஆனாலும் 1996 ஓகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்கு வலையில் வளர்ந்துகொண்டே போன அலைவு அந்த வலையை நான்கு துண்டுகளாகப் பிரித்தது.

இலங்கையின் சிக்கல் வேறு. இது அயல்நாட்டு இணைப்பே இல்லாத சிறு வலை. இங்கே பெரும் தலைவலி மீடிறன். 1980களில் கொத்மலை, விக்டோரியா நிலையங்கள் வந்ததும் நீர்ச்சுழலிகளே அதைக் காத்தன. 2011 முதல் 2014 வரை நுரைச்சோலையில் 300 மெகாவாற் அலகுகள் மூன்று சேர்ந்தன. தனியொரு அலகு இத்தனை பெரிதாயிருப்பது இத்தீவுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அது விழும் ஒவ்வொரு முறையும் வலை முழுதும் ஆடுகிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, முற்பகல். கேள்வி குறைவு, வெயிலோ கொளுத்தியது. கூரைச் சூரியத் தகடுகள் பெரும்பங்கை வழங்கியதால் சுழலும் பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடின. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது, நாடே இருண்டது. செய்திகளில் குரங்கு பெரிய இடம் பிடித்தது. ஆனால் ஒரு சிறு பழுதைத் தாங்குமளவு சடத்துவம் அன்று வலையில் இல்லை என்பதே விடயம். அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைத் தகடுகளை அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது.

அணைத்து வைப்பது கட்டுப்பாடு ஆகாது. மீடிறன் சரிந்தால் நொடிக்குள் வலு ஏற்றவும், ஏறினால் குறைக்கவும் சூரிய நிலையங்களின் இன்வேட்டர்களால் முடியும். மின்கலத் தொகுதி அருகிலிருந்தால் சடத்துவத்தையே போலியாக வழங்கும் வகைகளும் உண்டு. கம்பியின் கடைக்கோடியிலுள்ள மட்டக்களப்பு போன்ற பகுதிகளுக்கு இது ஆடம்பரமல்ல. இனி வாவிக் கரையில் எழும் ஒவ்வொரு சூரிய நிலையத்தின் ஒப்பந்தத்திலும் மின்கலத்தையும் அலைவுத் தணிப்பையும் மின்சார சபை கட்டாய நிபந்தனையாக்க வேண்டும்.