சீயோன்: ஒரு பெயரும் மூன்று குன்றுகளும்

ஓர் இடத்திற்கு இட்ட பெயர் அவ்விடத்திலேயே நிலைத்து நிற்கும் எனக் கருதுவது இயல்பு. ஆயினும் சமயச் சிறப்புப் பெற்ற பெயர்கள் சில, தாம் பிறந்த இடத்தை விட்டு வேறிடம் சென்று வாழ்கின்றன. எருசலேம் நகரோடு தொடர்புடைய சீயோன் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். எபிரேய மறைநூலில் 150 இடங்களுக்கு மேல் வரும் இப்பெயர் ஒரு கோட்டையையும், கோயில் மலையையும், நகர் முழுவதையும், அந்நகர மக்களையும் குறிக்கின்றது. கிறித்தவ நூல்களில் விண்ணுலக நகரையும் குறிக்கின்றது. இப்பொருள்கள் தோன்றிய முறையையும், அவற்றைப் பகுத்துணராவழி நேரும் இடரையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோட்டையும் கோயிலும்

சீயோன் என்னும் சொல்லின் வேர் குறித்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. வறண்ட நிலம் என்பர் ஒரு சாரார். அரண் என்பர் மற்றொரு சாரார். உபாகமம் நான்காம் அதிகாரத்தில் எர்மோன் மலைக்கு இதனை ஒத்த பெயரொன்று வழங்குகின்றது. எபிரேயத்தில் அது வேறு முதலெழுத்துடைய வேறு சொல். தமிழில் அவ்விரண்டு எழுத்துகளும் சகரமாகவே அமைதலின், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாமை வேண்டும்.

இப்பெயரின் முதற்பொருளைச் சாமுவேலின் இரண்டாம் நூல் தெளிவாக உரைக்கின்றது. கி.மு. 1000 அளவில் தாவீது எபூசியரிடமிருந்து சீயோன் கோட்டையைக் கைப்பற்றினான். அது தாவீதின் நகரம் எனப் பெயர் பெற்றது. இக்கோட்டை இருந்த இடம் கீகோன் நீரூற்றுக்கு மேலே, கீதரோன் பள்ளத்தாக்கை ஒட்டிய தென்கிழக்குக் குன்றாகும். சாலொமோன் கட்டிய கோயில் அதற்கு வடக்கே உயர்ந்த மற்றொரு குன்றின்மேல் எழுந்தது. உடன்படிக்கைப் பெட்டியைச் சீயோனிலிருந்து கோயிலுக்குக் கொண்டு சென்றனர் என இராஜாக்களின் முதல் நூல் கூறுதலின், இந்நூலில் சீயோன் வேறு, கோயில் வேறு என்பது பெறப்படும்.

பெட்டி சென்ற வழியே பெயரும் சென்றது. இறைவன் வாழும் மலை சீயோன் என ஏசாயா மொழிகின்றார். மக்கபேயரின் முதல் நூலிலோ சீயோன் மலை என்பது ஐயத்திற்கு இடமின்றிக் கோயில் மலையையே குறிக்கின்றது. இறைவனின் உறைவிடம் என்னும் கருத்து நிலக்கூற்றை வென்றது எனலாம். நாற்பத்தெட்டாம் சங்கீதம் சீயோனை வடகோடியோடு இணைத்துப் பேசுவதும் இக்கருத்தை வலியுறுத்தும். அங்கு வரும் சாபோன் என்னும் சொல், கானானியர் தம் தெய்வமாகிய பாகாலுக்கு உரித்தாக்கிய வடமலையின் பெயருமாகும். 1929 முதல் உகாரித்தில் கிடைத்த களிமண் ஏடுகள் இதனை விளக்கின. வேற்றுத் தெய்வத்தின் மலைக்கு உரிய பெருமையைச் சீயோனுக்கு ஏற்றிப் பாடிய புலவரின் கருத்து, அளவையாளர் கருத்து அன்று.

2. இழப்பும் பொருள் விரிவும்

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் கோயிலை அழித்தனர். கட்டடம் வீழ்ந்தபின் பெயர் மக்களைச் சார்ந்தது. புலம்பல் நூலில் சீயோன், பிள்ளைகளை இழந்து அழும் ஒரு பெண்ணாகக் காட்சியளிக்கின்றாள். நாடு கடத்தப்பட்ட மக்களையே சீயோன் என விளிக்கும் வழக்கும் ஏசாயா நூலின் பிற்பகுதியில் உண்டு. கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் கோயிலை அழித்தபின், சீயோனுக்கு இறைவன் மீளும் நாளை வேண்டுவது யூதரின் அன்றாட வழிபாட்டில் நிலைபெற்றது. 12ஆம் நூற்றாண்டில் இசுப்பானிய நாட்டு யூதப் புலவர் யூதா ஆலேவி பாடிய சீயோன் பாடல்கள் இவ்வேக்கத்தின் முதிர்ந்த வடிவமாகும்.

கிறித்தவரின் புதிய ஏற்பாட்டில் இப்பெயர் ஏழு இடங்களில் மட்டுமே வருகின்றது. அவற்றுள் ஐந்து பழைய நூல்களின் மேற்கோள்கள். எஞ்சிய இரண்டனுள் ஒன்று எபிரெயர் நிருபத்தில் உள்ளது; அது சீனாய் மலைக்கு எதிராகச் சீயோனை நிறுத்தி, அதனை விண்ணுலக எருசலேம் என்கின்றது. மற்றொன்று வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆட்டுக்குட்டியானவர் நிற்கும் மலையாகும்.

3. மேற்குக் குன்றும் தாவீதின் கல்லறையும்

பெயரின் மூன்றாம் குன்றே ஆராய்ச்சியாளர்க்குப் பெரும் பாடமாவது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பசு, சீயோன் என்னும் பெயரை ஆளவில்லை. ஆயினும் தாவீது கோட்டை எனக் குறித்த இடம் மேற்குக் குன்றிலுள்ள மேல்நகரமே என்று எழுதினார். அக்குன்று உயர்ந்தும் அகன்றும் இருத்தலின், பேரரசன் ஒருவனின் கோட்டைக்கு ஏற்றது அதுவே எனப் பின்னோரும் கருதினர். கி.பி. 333இல் போர்தோ நகரிலிருந்து வந்த கிறித்தவப் பயணி மேற்குக் குன்றையே சீயோன் என்றார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தூய சீயோன் பேராலயம் எழுந்தது. ஆறாம் நூற்றாண்டின் மாதபா நிலப்படம் அதனைக் காட்டுகின்றது.

பெயர் சென்ற இடத்திற்குக் கல்லறையும் சென்றது. தாவீது தன் நகரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டான் என்பது மறைநூற் செய்தி. சீயோனே தாவீதின் நகரம். மேற்குக் குன்றே சீயோன். ஆதலின் கல்லறையும் ஆங்கே இருத்தல் வேண்டும் என்னும் முடிபு இடைக்காலத்தில் வேரூன்றியது. யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய முச்சமயத்தாரும் அவ்விடத்தைப் போற்றினர். 1948 முதல் 1967 வரை மேற்குச் சுவருக்கு யூதர் செல்ல இயலாதிருந்தமையால், அக்கல்லறை அவர்தம் முதன்மை வழிபாட்டிடங்களுள் ஒன்றாயிற்று. இதற்கிடையில், 1867இல் சார்லசு வாரன் தொடங்கிய அகழ்வுப் பணியும், 1961 முதல் 1967 வரை காத்லீன் கென்யன் நடத்திய அகழாய்வும் பழைய நகரம் தென்கிழக்குக் குன்றிலேயே இருந்தது என்பதை உறுதி செய்தன. எனினும் இன்றும் சீயோன் மலை என வழங்குவது மேற்குக் குன்றே.

4. முடிவுரை

1890இல் நாதன் பிர்ன்பாம் இப்பெயரின் அடியாகச் சீயோனியம் என்னும் அரசியற் சொல்லை ஆக்கினார். 1897இல் பேசில் நகரில் அவ்வியக்கத்தின் முதல் மாநாடு கூடியது. தமிழகத்தில் தரங்கம்பாடியில் 1701இல் தேனியர் எழுப்பிய ஆலயமும் சீயோன் பெயரையே தாங்கியது. முன்னது நிலத்தை நோக்கியது. பின்னது வழிபடும் திருக்கூட்டத்தை நோக்கியது.

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகும். ஒன்று, ஓரிடத்தில் இன்று வழங்கும் பெயர், பண்டை நூல் குறித்த இடம் அதுவே என்பதற்குத் தனிச்சான்று ஆகாது. முன்னோர் வழிபட்ட பழமை அவ்வழிபாட்டிற்குப் பெருமை தருமேயன்றி, அகழாய்வுச் சான்றின் இடத்தைப் பெறாது. மற்றொன்று, பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. சங்கீதத்தின் சீயோனை இன்றைய அரசியற் பொருளில் படிப்பதும், இன்றைய அரசியல் வழக்கிற்குச் சங்கீதத்தை நில ஆவணமாகக் காட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்களாகும். எந்நூல், எக்காலம், எவர்க்கு உரைத்தது என வினவிய பின்னரே சொல்லுக்குப் பொருள் துணிதல் வேண்டும். தமிழ் விவிலியத்தில் இத்துணைப் பொருள்களும் சீயோன் என்னும் ஒரே சொல்லுள் அடங்கி நிற்றலின், அதற்கு உரை காண்போர்க்கும் சொல்லடைவு தொகுப்போர்க்கும் இக்கடமை மிகுதியும் உண்டு.