கடல் இல்லாத கடற்கரை ஊர்

கொடைக்கானலுக்குப் போய்வராத திண்டுக்கல்காரர் அபூர்வம். ஆனால் அந்த ஊர் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று நம்மில் பலரும் யோசித்திருக்க மாட்டோம். ஏரிக்கரையில் படகுத்துறை, பள்ளத்தாக்கின் விளிம்பில் உலாவ ஒரு நடைபாதை, பூங்கா, மேட்டுக்கு மேடு தேவாலயம், ஓட்டு வீடுகள். இது நம் நாட்டு மலையூரின் அமைப்பு இல்லை. இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களின் அமைப்பு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இத்தகைய ஊருக்கு 'ஸ்தஸியோன் பல்நேயேர்' என்று பெயர். குளிக்கப் போகும் ஊர் என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் நோய் தீர்க்கும் என்று எழுதினார். சீமான்கள் பிரைட்டன் கடற்கரைக்குத் திரண்டார்கள். முதலில் நோயாளி வந்தார், பின்னால் உல்லாசக்காரர் வந்தார். 1823-இல் கடலுக்குள் நீளும் பாலமும் கட்டிவிட்டார்கள்.

நம் ஊர் வெள்ளைக்காரருக்குக் கடற்கரை பயன்படவில்லை. மே மாதத்தில் சென்னைக் கடற்கரையும் வியர்த்து ஊற்றும். குளிர்ச்சி வேண்டுமானால் மேலே ஏறத்தான் வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். திண்டுக்கல் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

1821-இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்தார். இங்கேயும் முதலில் வந்தது நோய்க்குப் பயந்தவர்கள்தாம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தபின், 1845-இல் மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். பிறகு அதிகாரிகள் வந்தார்கள். 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். கடலுக்குப் பதில் அந்த ஏரி. 1872-இல் கோக்கர் அமைத்த நடைபாதையில் அலைக்குப் பதில் மேகம். 1890-இல் படகுக் குழாம் வந்தது.

பிரெஞ்சுக்காரர் பங்கும் இதில் உண்டு. சலேத் மாதா கோயில் 1866-இல் எழுந்தது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்ற சிற்றூரின் பெயர் அது. அங்கே 1846-இல் மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை. ஆங்கிலேயர் தங்கள் கடற்கரையை நினைத்து ஊரமைத்தார்கள் என்றால், பிரெஞ்சு சேசுசபையார் தங்கள் மலையின் பெயரை இங்கே வைத்தார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது சமவெளி. 1875-இல் ரயில் வந்ததும் துரைமார் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அந்த நிலையம்தான் பிற்பாடு கொடைக்கானல் ரோடு ஆயிற்று. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டி. பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து குதிரை, அல்லது டோலி. டோலியைத் தூக்கியவர்களும், பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்தவர்களும் கீழ்நாட்டு ஆட்கள். ஊரின் வரலாற்றில் லெவிஞ்சுக்கும் கோக்கருக்கும் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் அப்படி நிலைக்கவில்லை.

இங்கிலாந்தில் இந்த நிலையை மாற்றியது ரயில். 1846-இல் பிளாக்பூலுக்கு ரயில் வந்தபின், லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள் ஆலை விடுமுறையில் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போனார்கள். சீமான்கள் முகம் சுளித்தார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்தது பஸ். முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார் பாதை திறந்தது. நாளடைவில் வத்தலக்குண்டு வழியாக நம் நூற்பாலைத் தொழிலாளியும் பூட்டுத் தொழிலாளியும் பிள்ளை குட்டிகளோடு, புளியோதரைத் தூக்குடன் மலையேறினார்கள். 1985-இல் மாவட்டம் பிரிந்தபோது கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தோடு சேர்ந்தது.

இப்போது கூட்டம் தாங்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். சாமானியர் வந்ததால்தான் ஊர் கெட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. டோலி தூக்கியவரின் பேரன் காரில் வருவது நியாயமே. நாம் கேட்க வேண்டியது, ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பவர்களின் பாடு என்ன என்பதை. ஏரி வெட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அம்மலையில் பளியர்கள் வாழ்ந்தார்கள். பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறார்கள். அந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சீசன் முடிந்து நாமெல்லாம் இறங்கிவிட்ட பிறகும் அவர்களுக்குக் குடிநீர் வேண்டும், வழி வேண்டும், காடு வேண்டும். அடுத்த முறை போகும்போது பிளாஸ்டிக் பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுவந்தாலே, அவர்கள் பாரத்தில் கொஞ்சம் குறையும்.