முகப்பூச்சில் பாதரசம்: தடையும் இழப்பீட்டு உரிமையும்

சிவப்பழகு கிரீம்களில் பாதரச உப்பைக் கலப்பதற்குக் காரணம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதுதான். தோல் வழியே உள்ளே இறங்கும் பாதரசம் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கிறது; சிறுநீரில் புரதம் போகிறது, கால் வீங்குகிறது.

தடை புதிதல்ல. 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே பாதரசம் கலந்த அழகுப்பொருள் தயாரிப்பை விலக்கின. 2020 விதிகளின்படி, தற்செயலாகக் கலக்கும் பாதரசம் கண் பூச்சுகளில் பத்து லட்சத்தில் 70 பங்கையும், மற்றவற்றில் 1 பங்கையும் தாண்டக் கூடாது. ஆயினும் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2014இல் சோதித்த 32 சிவப்பழகு கிரீம்களில் 14இல் பாதரசம் இருந்தது.

கேரளத்தின் கோட்டக்கல்லில் விஷயம் மருத்துவமனைக்கே வந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேரிடம், பாதரசத்தோடு தொடர்புபடுத்தப்படும் ‘நெல்-1’ (NELL-1) என்ற புரதம் காணப்பட்டது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது.

அரசு நடவடிக்கை என்றாலும் ஆய்வக அறிக்கை காலத்தோடு வர வேண்டும். மும்பை முலுண்டில் ஜான்சன் பேபி பவுடர் தயாரிப்புக்கான உரிமத்தை மகாராஷ்டிர அரசு 2022இல் ரத்து செய்தது. அங்கே பிரச்சினை பாதரசமல்ல, காரத்தன்மை. 2018இல் எடுத்த மாதிரிகளை வைத்து இவ்வளவு தாமதமாக நடவடிக்கை எடுத்ததைக் கண்டித்து, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது.

தனிமனிதருக்கு வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது மும்பையில் தயாரான கிரீமுக்கும் பெரம்பலூர்க்காரர், அரியலூர்க்காரர் தத்தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. கெடு இரண்டு ஆண்டு. மீதக் கிரீமை ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும் என்பதால் காலி டப்பாவைவிடப் பாதி டப்பா மேல். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத கிரீம் என்றால் விற்றவரே பொறுப்பு. எல்லைதாண்டி வரும் லேபிளற்ற டப்பாக்களுக்கென்றே எழுதியதுபோன்ற பிரிவு இது. ஆனால் அந்த டப்பாக்களுக்குப் பெரும்பாலும் பில் போடுவதில்லை; அதனால் யார் விற்றார் என்பதைக் காட்டுவதே சிக்கல்.