யாருக்காக இந்த 140?

கர்ப்பிணிக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. 139 என்றால் இல்லை. நான் எழுதும் நிரல்களிலும் இந்த மாதிரி கோடுகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கேள்விக்காகப் போட்டது. அப்போ இந்தக் கோடு எந்தக் கேள்விக்கு?

1964இல் பாஸ்டனில் ஜான் ஓசல்லிவன் என்ற மருத்துவரும் கிளேர் மகான் என்ற புள்ளியியலாளரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, குடிப்பதற்கு முன்னும் பின்னுமாக நான்கு முறை ரத்தம் பார்த்திருந்தார்கள். சராசரிக்கு மேலே இரண்டு திட்ட விலக்கம் தள்ளிக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைக் கொண்டு அவர்கள் தேடிய பதில் குழந்தையைப் பற்றியதே இல்லை. இந்தப் பெண்களில் யாருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

குழந்தையைப் பற்றிய பெரிய பதில் 2008இல் வந்தது. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹேப்போ ஆய்வு அது. தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தை அதிக எடையோடு பிறக்கும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போனது. ‘இங்கிருந்துதான் ஆபத்து’ என்று நடுவில் ஒரு படிகூடத் தென்படவில்லை. கோட்டை நாம்தான் போட்டாக வேண்டும்.

சென்னையில் டாக்டர் வி. சேஷய்யாவும் அவரோடு இருந்தவர்களும் நடைமுறையை யோசித்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் மறுபடி வருவாளா? அதனால் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை; 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ஒரே குத்து. இந்திய அரசின் வழிகாட்டுதலும் பிறகு இந்த முறையையே ஏற்றுக்கொண்டது.

கோட்டைத் தாண்டினால் முதல் வைத்தியம் சாப்பாடு. சோற்றை அளந்து, பருப்பும் காயும் முட்டையும் கூட்டி, மூன்று வேளையைச் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரிப்பார்கள். அதில் அடங்காவிட்டால்தான் மருந்து. என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. வீடு மொத்தமும் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. “குழந்தைக்காகடி, பொறுத்துக்கோ” என்பாள் அம்மா.

குழந்தை பிறந்ததும் தட்டை யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது வாரம் மறுபடி சோதனைக்குக் கிளம்பிய அக்காவிடம், “அதான் புள்ள நல்லபடியா பொறந்துருச்சே, இப்ப எதுக்கு?” என்று கேட்டார்கள்.

எதுக்கு என்றால், கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற தாய்மார்களைவிடப் பல மடங்கு அதிகம். 1964இல் கேட்டது அவளைப் பற்றித்தான். அந்தக் கேள்வியைப் பிரசவ அறையோடு நாம் முடித்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த 140 வந்திருந்தால், குழந்தைக்கு எத்தனை வயதாகியிருந்தாலும், இன்னிக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்த?